சித்ராக்காவுக்கு மூன்றாம் எண்தான் பயம்

எங்கள் கம்பெனியில் என்னை எதிர்த்துப் பேசக்கூடிய ஆள் ஒருவர்தான். அது என் மனைவி வினிதா இல்லை. அவள் எதிர்த்துப் பேசாமலே தன் காரியத்தைச் சாதித்துக்கொள்வாள். நான் சொல்வது பைனல் செக்கிங் சித்ராக்காவை. முழுப்பெயர் சித்ரகலா. பிறந்தது சாமளாபுரம், தறி ஓட்டுகிற குடும்பம். கல்யாணமாகிப் பெருமாநல்லூர் வந்தவர், என் அப்பா இந்தப் பனியன் கம்பெனியை ஆரம்பித்த இரண்டாம் வருஷமே செக்கிங் டேபிளில் நின்றுவிட்டார். இப்போது வயது நாற்பத்தொன்பது. நான் பிளஸ் டூ கணக்கில் தட்டுத்தடுமாறிப் பாஸானது வரை என் சரித்திரம் முழுக்க அவருக்குத் தெரியும். ஆகவே இந்த அருண்குமார்தான் இப்போது முதலாளி என்பதை அவர் ஒரு செய்தியாக மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார்.

எனக்கு முன்கோபம். ஒளித்து வைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை, எங்கள் வீதிக்கே கேட்கும். நான் சத்தம் போட ஆரம்பித்தால் டெய்லர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள், சூப்பர்வைசர் பாத்ரூம் பக்கம் போய்விடுவார். சித்ராக்கா மட்டும் டேபிளில் கையை ஊன்றிக்கொண்டு முழுவதையும் கேட்பார். நான் மூச்சு வாங்குகிற நேரம் பார்த்து, "முடிஞ்சுதுங்களா தம்பி?" என்பார். அதில் கிண்டல் ஒரு பொட்டும் இருக்காது. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்பார். அதற்குமேல் யாரால் கத்த முடியும்?

தைத்து, நூல் வெட்டி, அயர்ன் பண்ணி வருகிற துணியைக் கடைசியாகப் பார்ப்பது அவர் வேலை. தப்பு இருக்கிற இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவார். எல்லாக் கம்பெனியிலும் இது நடப்பதுதான். ஆனால் மற்ற செக்கர்கள் பார்ப்பார்கள், அக்கா இழுப்பார். பாக்கெட் வாய், காலர் மூலை, பட்டன், நாடா என்று எது தைக்கப்பட்டிருந்தாலும் இரண்டு விரலால் பிடித்துச் சுண்டி ஓர் இழுப்பு. தாங்கினால் பாஸ். என் கல்யாண வரவேற்பில் மேடையேறி வந்தவர், முதலில் என் கோட்டுப் பாக்கெட்டை இழுத்துப் பார்த்தார். அப்புறம்தான் வாழ்த்துச் சொன்னார். போட்டோவில் அப்படியே விழுந்திருக்கிறது. வினிதா அதை இன்னும் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருக்கிறாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆஸ்திரியா நாட்டிலிருந்து ஒரு சின்ன கம்பெனியின் ஆர்டர் எங்களுக்கு வந்தது. குளிருக்கு உள்ளே போடுகிற கையில்லாத மேல்சட்டை. அதைப் போடுகிறவர்கள் குளிர்காலத்தில் பனி மூடிய மலைமேல் ஏறுகிறவர்கள். ரோப் கார் கிடையாது, பாதை கிடையாது, கூட்டம் கிடையாது. காலில் நீளமான பனிச்சறுக்குக் கட்டையைக் கட்டிக்கொண்டு அரை நாள் நடந்தே ஏறி, உச்சியிலிருந்து சறுக்கி இறங்குவார்களாம். எதற்கு என்று கேட்டேன். அந்தக் கம்பெனியிலிருந்து துணி பார்க்க வந்திருந்த மார்லீஸ் அம்மா, சந்தோஷத்துக்கு என்றார். எனக்கு விளங்கவில்லை. அக்காதான், நம் ஆட்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வெள்ளியங்கிரி மலை ஏறுவதில்லையா, அந்த மாதிரிதான் இதுவும் என்று எனக்கு விளக்கம் சொன்னார்.

அந்தச் சட்டையில் இடது மார்புக்குக் கீழே ஒரு பாக்கெட். பாக்கெட்டுக்குள் சுண்டுவிரல் அகலத்துக்கு நாடாவில் ஒரு வளையம். இது எதற்கு என்று அக்கா கேட்டார். செக்கிங் டேபிளிலிருந்து அப்படி ஒரு கேள்வி வரும் என்று மார்லீஸ் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, போனில் படம் காட்டிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

மலைமேல் கிடக்கிற பனி ஒரே பொருள் இல்லையாம். அடுக்கடுக்காக விழுந்து கிடக்கும். குளிர்கால ஆரம்பத்தில் விழுகிற பனி, மேலே மூடாமல் குளிரில் பல நாள் கிடந்தால், ஒன்றோடொன்று ஒட்டாத சர்க்கரையாகிவிடும். அப்புறம் பெரிய பனிமழை வந்து, காற்று அதை அள்ளிக்கொண்டுபோய் ஒரு பக்கச் சரிவில் குவித்து இறுக்கிவிடும். மேலே பலகை, அடியில் சர்க்கரை. பார்க்க அழகாக, வெள்ளை வெளேரென்று அசையாமல் இருக்கும். முப்பது டிகிரிக்கு மேல் செங்குத்தான சரிவில் அப்படி இருக்கும்போது ஓர் ஆள் நடந்தால் போதும், அடியில் சர்க்கரை நொறுங்கி, மேலே இருக்கிற பலகை மொத்தமாக உடைந்து கிளம்பிவிடும். பனிச்சரிவு என்பது பெரும்பாலும் எங்கிருந்தோ வந்து ஆளின் தலையில் விழுவதில்லை. மாட்டிக்கொள்கிறவரோ அவர் கூட வந்தவரோதான் அதைக் காலால் கிளப்பி விடுகிறார்.

அதனால் ஏறுகிற ஒவ்வொருவரும் உடம்போடு சின்னதாக ஒரு கருவி வைத்திருப்பார்கள். அது சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒருவர் புதைந்துபோனால் மற்றவர்கள் தங்கள் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றி, சிக்னலைப் பிடித்துக்கொண்டே போய், நீளக் குச்சியால் குத்திப் பார்த்துத் தோண்டுவார்கள். சுமார் பதினைந்து நிமிஷத்துக்குள் தோண்டி எடுத்தால் அநேகம்பேர் பிழைப்பார்கள். அதற்குமேல் நிமிஷத்துக்கு நிமிஷம் நம்பிக்கை குறையும். கருவியை உடம்போடு கட்டிக்கொள்ள அதற்கென்றே வார்ப்பட்டை உண்டு. வார் உறுத்துகிறது என்பவர்களுக்குத்தான் இந்தப் பாக்கெட். கருவியின் கயிற்றை அந்த வளையத்தில் மாட்டி, பாக்கெட்டில் போட்டுக்கொள்ளலாம். பனி உருட்டிப் புரட்டுகிற வேகத்தில் வளையம் பிய்ந்தால் பாக்கெட்டின் அடித்தையலும் கூடவே பிரியும். கருவி ஓரிடம், ஆள் ஓரிடம்.

"பதினஞ்சு நிமிசமுங்களா? நம்ம டீ பிரேக்குங்க அது" என்றார் அக்கா. அன்றைக்கே அந்த வளையத்துக்கு பார்டேக் இரண்டு வரிசை வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று, மார்லீஸையும் தலையாட்ட வைத்துவிட்டார். பார்டேக் என்பது ஒரே இடத்தில் குறுக்கும் நெடுக்கும் நெருக்கி அடிக்கிற தையல். அதற்கென்று தனி மெஷின் உண்டு. அடித்துவிட்டால் துணி கிழியுமே தவிர தையல் விடாது.

அதோடு விட்டாரா? அந்த ஊர் மலைகளுக்குத் தினமும் பனிச்சரிவு அறிக்கை வெளியிடுகிறார்கள் என்று மார்லீஸ் வாயைக் கொடுத்துவிட்டார். அக்கா உடனே அதைத் தன் போனில் போட்டு வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து டிசம்பர் முதல் ஏப்ரல் வரை, காலை எட்டேகாலுக்கு வந்து ஏப்ரன் மாட்டினதும் முதல் வேலை அறிக்கை படிப்பது. போனே அதைத் தமிழில் மாற்றிக் கொடுக்கும். மாற்றுகிற லட்சணத்துக்குப் பாதி புரியாது. புரியாததை மார்லீஸுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிக் கேட்பார். இவர் தமிழில் பேச, அந்தம்மா ஜெர்மனில் பேச, நடுவில் போன் என்னத்தை மொழிபெயர்த்ததோ, இரண்டு பேருக்கும் சிநேகம் முற்றிவிட்டது.

அபாயத்துக்கு ஒன்று முதல் ஐந்துவரை எண் கொடுப்பார்கள், ஐந்து என்றால் உச்சம். மணிக்கு எத்தனை பீஸ் முடிக்க வேண்டும் என்று எழுதி வைக்கிற போர்டில், மூலையில் அக்கா அன்றைய எண்ணை எழுதிவிடுவார். 'இன்று 2', 'இன்று 3, வடக்குச் சரிவு' என்று. புதிதாக வந்த பீகார்ப் பெண்கள் அதை ஏதோ டார்கெட் என்று நினைத்துப் பதறிப்போனார்கள். நான் கத்தினேன். போர்டு என்ன உங்கள் ஊட்டுச் சுவரா என்று கேட்டேன். வழக்கம்போல முடிந்ததா என்று விசாரித்துவிட்டு, எண்ணைக் கொஞ்சம் சிறிதாக எழுத ஆரம்பித்தார்.

போனில் சரிவு அளக்கிற வித்தை ஒன்றையும் கற்றுக்கொண்டார். லாரி ஏற்றுகிற சாய்தளம் பன்னிரண்டு டிகிரி என்று கண்டுபிடித்துச் சொன்னார். கம்பெனியோடு சிவன்மலை முருகன் கோயிலுக்குப் போனபோது, எல்லோரும் படியேறிக் கும்பிட்டுக்கொண்டிருக்க, இவர் மட்டும் பாறைப்பக்கம் போனை வைத்து அளந்தார். அது முப்பத்தாறு டிகிரியாம். இங்கே பனி பெய்தால் முருகன்தான் காப்பாற்ற வேண்டும் என்று பக்கத்தில் நின்றவரிடம் கவலையோடு சொன்னார். மார்கழியிலேயே மின்விசிறி போட்டுத் தூங்குகிற ஊர் இது. அந்த ஆள் அக்காவை ஒரு மாதிரி பார்த்துவிட்டு நகர்ந்தார்.

ஐந்தைக் கண்டு அக்கா பயப்பட மாட்டார், நாலைக் கண்டும் பயப்பட மாட்டார். மூன்று என்றால்தான் முகம் வாடும். மூணு நடுத்தரம்தானே, எதற்கு இந்த விசாரம் என்று நான் பலமுறை கேலி செய்திருக்கிறேன்.

இனி நான் சொல்லப்போவது எனக்குப் பெருமை தருவதல்ல. ஆனாலும் சொல்லாமல் அக்காவைப் பற்றிச் சொல்ல முடியாது.

சென்ற தீபாவளிக்கு முன்னால் அதே சட்டைக்கு அவசரமாக இன்னொரு ஆர்டர் வந்தது. விமானத்தில் அனுப்ப வேண்டும். தீபாவளி என்றால் திருப்பூர் எப்படி இருக்கும் என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். போனஸ் வாங்கின மறுநிமிஷம் ஊர் காலி. தெற்கத்திப் பெண்கள் பத்து நாள் கழித்துத்தான் திரும்புவார்கள். அந்த வாரம் பார்த்து எங்கள் பார்டேக் மெஷின் படுத்துவிட்டது. கடைசி லாட் அறுநூறு பீஸுக்கு வளையம் அடிக்க வேண்டியிருந்தது. அவிநாசிப் பக்கம் ஒரு சின்ன யூனிட்டில் ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்தேன். வெளியில் தைக்கக் கொடுப்பதாக இருந்தால் முன்கூட்டிச் சொல்லி அனுமதி வாங்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. நான் வாங்கவில்லை.

பீஸ்கள் திரும்பி வந்தது போனஸ் கொடுத்த நாள் மத்தியானம். வாசலில் விருதுநகர் பக்கம் போகிற பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பேக்கிங் பெண்கள் பையை மடியில் வைத்துக்கொண்டே பீஸை மடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா இழுத்துப் பார்க்க உட்கார்ந்தார். அறுநூறையும் இழுத்தால் பஸ் போய்விடும். நான் சத்தம் போட்டேன். அங்கேயே போய் எல்லாம் பார்த்துவிட்டேன், நீங்கள் கையெழுத்துப் போடுங்கள் என்றேன். நான் பார்த்தது வாஸ்தவம்தான். கட்டி வைத்திருந்த பீஸ்களைக் கண்ணால் பார்த்தேன். அக்கா அந்தப் பெண்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். இத்தனை வருஷத்தில் அவர் இழுத்துப் பார்க்காமல் பாஸ் பண்ணின லாட் அது ஒன்றுதான்.

டிசம்பர் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நைட்டி எடுக்க அக்கா காதர்பேட்டைக்குப் போயிருக்கிறார். ஏற்றுமதியில் மிஞ்சுகிற சரக்கு கடைசியில் அங்கேதான் வந்து தொங்கும். ஒரு கடை வாசலில் அந்தத் தீபாவளி லாட்டில் மிஞ்சின எங்கள் சட்டை மூன்று தொங்கியிருக்கிறது. பார்த்ததும் கை சும்மா இருக்குமா? பாக்கெட்டுக்குள் விரலை விட்டு இழுத்திருக்கிறார். வளையம் கையோடு வந்துவிட்டது. அடுத்ததை இழுத்தார், அதுவும் வந்தது. மூன்றாவதும் வந்தது. கடைக்காரர் சண்டைக்கு வந்துவிட்டார், மூன்றையும் கிழித்தால் யார் வாங்குவது என்று. அக்கா மூன்றையும் வாங்கிக்கொண்டு, நைட்டி எடுக்காமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

திங்கள்கிழமை காலை அவை என் மேஜையில் கிடந்தன. அவிநாசிக்குப் போன் போட்டு அதட்டினதும் தெரிந்தது, அந்த யூனிட்டில் பார்டேக் மெஷினே கிடையாது. சாதாரண மெஷினில் நாலு தரம் முன்னும் பின்னும் ஓட்டியிருக்கிறார்கள். மேலுக்குப் பார்த்தால் அச்சு அசல் பார்டேக். எனக்கே வித்தியாசம் தெரியவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா கேட்டது ஒன்றுதான். மார்லீஸுக்கு இப்போதே சொல்லிவிட வேண்டும். சொன்னால் எங்கே தைத்தாய் என்று கேட்பார்கள். அனுமதியில்லாமல் வெளியில் கொடுத்தது தெரிந்தால் ஆர்டர் போகும். அந்த ஒரு ஆர்டரை நம்பி எண்பது பேர் நிற்கிறார்கள். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். எங்கேயோ ஒரு நாட்டில், எவனோ ஒருவன், வீட்டில் சும்மா இருக்காமல் பனியில் போய் விழுந்தால் அதற்கு நானா பொறுப்பு என்று கத்தினேன். கோடியில் ஒருவருக்கு நடப்பதற்காக நான் கம்பெனியை மூடுவதா என்றேன். கடைசியில், சனிக்கிழமை சம்பளம் போட்டு முடிக்கிறேன், அப்புறம் நிதானமாக எழுதலாம் என்று சொன்னேன். இந்த ஊரில் சம்பளம் வாரா வாரம் சனிக்கிழமை. அந்த வாரம் முழுக்க முதலாளி மண்டையில் வேறெதுவும் ஏறாது. அக்காவுக்கும் அது தெரியும்.

அன்றைக்குப் போர்டில் எண் 2. செவ்வாய்க்கிழமை 4 என்று எழுதினார். அங்கே ராத்திரி முழுக்கப் பெரும் பனிமழை, கூடவே காற்றும். புதன்கிழமையும் 4. நான் மேலே ஆபீசிலிருந்து கண்ணாடி வழியாக அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாலு என்றதும் எனக்குப் பயம். ஆனால் அக்கா அந்த இரண்டு நாளும் அமைதியாகத்தான் வேலை பார்த்தார்.

வியாழக்கிழமை காலை எட்டரைக்கு ஆபீசுக்குள் வந்தார். கையில் போன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தம்பி, இன்னிக்கு மூணாக் கொறைச்சுட்டாங்க" என்றார்.

அப்பாடா என்று சொல்லிவிட்டேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"நாலுன்னா பயந்துக்கிட்டு ஊட்டுலயே இருந்துக்குவாங்க. மூணுன்னாத்தானுங்க கெளம்புவாங்க. கொறைஞ்சு போச்சுல்லங்கற நெனப்புல. அடியில மொதப்பனி சக்கரையாட்டம் அப்படியே கெடக்குதுங்க. மேல புதுப்பனி ஏறி உக்காந்திருக்குது. நாளைக்கு நல்ல வெயில் அடிக்குதாம். இத்தன நாள் உள்ள கெடந்தவங்க எல்லாரும் நாளைக்குத்தான் மேல போவாங்க. அதிகம்பேர் சாகறது இந்த மூணுலதானுங்க தம்பி."

போனை மேஜைமேல் வைத்துச் சொன்னார்: "மார்லீஸம்மாவுக்கு மெயில் நானே எழுதி வெச்சுட்டனுங்க. இங்கிலீசு சரியான்னு மட்டும் பாத்துக் குடுங்க."

அனுப்பலாமா என்று அவர் கேட்கவில்லை. படித்தேன். போன் மொழிபெயர்த்த ஆங்கிலம், தாறுமாறாக இருந்தது. ஆனால் விஷயம் தெளிவாக இருந்தது. இந்த லாட்டில் வளையம் தாங்காது, கருவியை அதில் மாட்ட வேண்டாம் என்று எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். இழுத்துப் பார்க்காமல் பாஸ் பண்ணினது நான். கையெழுத்து என்னுடையது. தப்பு என்னுடையது என்று முடித்திருந்தார். கீழே அவர் பெயர், வேலை, எங்கள் யூனிட்டில் எத்தனை வருஷம் என்பது.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவிநாசியில் தைத்தது இல்லை. மெஷின் படுத்தது இல்லை. நான் பார்த்துவிட்டேன் என்று சொல்லி அவசரப்படுத்தினது இல்லை. அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டேன் என்று ஒரு வரி நான் பதில் போட்டால் போதும், ஆர்டர் தப்பிவிடும். அதற்கும் வழி விட்டு எழுதியிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. அப்படி ஒரு வெட்கத்தை நான் அதுவரை பட்டதில்லை. அழுகை வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த மெயிலை அழித்துவிட்டு என் பெயரில் எழுதினேன். யார் தைத்தது, எங்கே தைத்தது, யார் அவசரப்படுத்தியது எல்லாம் எழுதினேன். அனுப்பிவிட்டு மார்லீஸுக்குப் போனும் போட்டேன். அங்கே விடிந்திருக்கவில்லை, தூக்கத்தில் எடுத்தார். கேட்டுவிட்டு எத்தனை பீஸ் என்று மட்டும் கேட்டார். ஒரு திட்டுக்கூட இல்லை. அவர்கள் பெரும்பாலும் இணையத்தில் விற்கிறவர்கள், வாங்கினவர் முகவரியெல்லாம் இருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் வாங்கின எல்லோருக்கும் செய்தி போய்விட்டது. வளையத்தை நம்பாதீர்கள், கருவியை அதன் வார்ப்பட்டையால் உடம்போடு கட்டிக்கொள்ளுங்கள், சட்டையைத் திருப்பி அனுப்புங்கள் என்று.

திட்டு அப்புறம் வந்தது, வட்டியும் முதலுமாக. ஜனவரியில் மார்லீஸ் நேரிலேயே வந்தார். ஒவ்வொரு மெஷினாகப் பார்த்தார். எப்போது வந்தாலும் எங்கள் வீட்டில் தயிர்சாதமும் எலுமிச்சை ஊறுகாயும் சாப்பிடாமல் போகாதவர், இந்த முறை தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அடுத்த சீசன் ஆர்டர் பாதியாகக் குறைந்தது. போகும்போது அக்காவை மட்டும் கட்டிப்பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். அக்காவுக்கு அதெல்லாம் பழக்கமில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கத்தரிக்கோலோடு நின்றுகொண்டிருந்தார்.

சட்டைகள் ஒவ்வொன்றாக அவர்கள் கம்பெனிக்குத் திரும்பின. வந்ததையெல்லாம் அங்கேயே வெட்டிப் போட்டுவிட்டார்கள். பிப்ரவரிக் கடைசியில் ஒரே ஒரு சட்டையை மட்டும் பார்சல் போட்டு எங்களுக்கு அனுப்பினார் மார்லீஸ். உள்ளே ஒரு கடிதமும் இருந்தது. உறைமேல், இதைத் தைத்தவர்களுக்கு என்று எழுதியிருந்தது. அக்காவை மேலே கூப்பிட்டேன். போனை வைத்து வரிவரியாக மாற்றி நானே படித்தேன்.

எழுதியவர் பெயர் ரோஸ்விதா. வயது ஐம்பத்தெட்டு, ஒரு பள்ளத்தாக்கு ஊரில் பள்ளிக்கூட டீச்சர். அந்த டிசம்பர் வியாழக்கிழமை சாயங்காலம் நண்பர்கள் ஐந்து பேராக மலைக்குடில் ஒன்றில் தங்கியிருந்தபோது அவருக்குச் செய்தி வந்திருக்கிறது. எரிச்சலாக இருந்ததாம். வார்ப்பட்டை அவருக்குப் பிடிக்காது. இருந்தாலும் கட்டிக்கொண்டார். பாக்கெட் வெறுமனே இருக்கிறதே என்று வீட்டுச் சாவியை அந்த வளையத்தில் மாட்டிப் போட்டுக்கொண்டார். வெள்ளிக்கிழமை காலை நல்ல வெயில். ஒரு சரிவைக் குறுக்கே கடக்க வேண்டியிருந்தது. முறைப்படி ஒவ்வொருவராகப் போனார்கள். இரண்டு பேர் கடந்துவிட்டார்கள். இவர் மூன்றாவது. நடுவில் போகும்போது காலடியில் ஓர் ஓசை கேட்டதாம், தலைக்குமேலே சரிவின் குறுக்கே ஒரு கோடு ஓடினதைப் பார்த்தாராம். அப்புறம் இருட்டு. ஒரு மீட்டர் ஆழத்திலிருந்து தோண்டி எடுத்திருக்கிறார்கள். பதினோரு நிமிஷம். விலா எலும்பு இரண்டு முறிந்தது, வேறொன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றும்போதுதான் பார்த்தாராம், வளையமும் இல்லை, பாக்கெட்டுக்கு அடியும் இல்லை. சாவி இன்னும் மலையில்தான் எங்கேயோ கிடக்கிறது, கணவர் பூட்டை மாற்றிவிட்டார் என்று எழுதியிருந்தார். உங்கள் மேல் கோபமாக இருக்கிறேன், உங்களுக்கு நன்றியும் சொல்கிறேன், இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள் என்று முடித்திருந்தார்.

அக்கா சட்டையை எடுத்து விரித்தார். பாக்கெட்டின் அடியில் ஓட்டை. அதன் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். கண்ணீர் அதுபாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை.

"பொழச்சுக்கிட்டாங்கல்லங்க?" என்று என்னைக் கேட்டார். அவரே எழுதியிருக்கிறாரே அக்கா என்றேன். அப்போதும் நம்பாமல் கடிதத்தின் அடியில் இருந்த கையெழுத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். கழுத்துப் பட்டியைத் திருப்பி அளவைப் பார்த்தார். மீடியம். அந்தம்மாவுக்குப் புதிதாக ஒன்று தானே பக்கத்தில் நின்று தைக்க வைத்து அனுப்புவதாகச் சொன்னார். சரிங்கக்கா என்றேன். சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு கீழே போனார்.

என்னை அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. கடிதத்தை இன்னொரு தரம் எடுத்துப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை காலை என்றுதான் இருந்தது. நான் எழுதலாம் என்று சொல்லியிருந்தது சனிக்கிழமை.